கூந்தல் தைலமும் ஹல்டா பிரௌட்டியும்

அமெரிக்காவில், யூட்டிகா நகரின் ஜெனசி தெருவில் கூந்தல் தைலம் விற்ற ஓரின் பீஸ்லி, தன் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டத்தைத் தானே போட்டுக்கொண்டவன். அதற்கு முன் அவன் விற்றது குதிரைகளுக்குத் தடவும் களிம்பு. விளக்கெண்ணெயில் மலிவுச் சாராயமும் ரோஜா வாசனையும் கலந்தால் தைலம் தயார். அதை விலைபோகச் செய்தவள் ஹல்டா பிரௌட்டி. கடையின் கண்ணாடிச் சன்னலுக்குள் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முழங்கால்வரை தொங்கும் முடியை நாள் முழுக்க வாரிக்கொண்டிருப்பது அவள் வேலை. அந்தத் தைலத்தில் ஒரு சொட்டைக்கூட அவள் தலையில் வைத்ததில்லை. மழைத்தண்ணீரும் சோப்பும் போதும் அவளுக்கு.

அந்தக் குளிர்காலத்தில் டைபாய்டு காய்ச்சல் அவளைப் படுக்கையில் தள்ளியது. அவள் பிழைத்தாள், முடி பிழைக்கவில்லை. கொத்துக் கொத்தாய்க் கொட்டித் தலை மொட்டையானது. எழுந்து நடமாட முடிந்ததும் வேலைக்குப் போனாள். பீஸ்லி அவள் தொப்பிக்குள் எட்டிப் பார்த்தான். ஓடிப்போய்ச் சன்னல் திரையை இழுத்து மூடினான்.

“கடவுளே! யாராவது பாத்தாங்களா? பின்வாசல் வழியாப் போயிடு.”

“உங்க தைலத்தைத் தேய்ச்சா வளந்துடாதா, டாக்டர்?”

“வெளையாடாத. போ!”

எதிர்ச்சாரியில் போட்டித் தைலம் விற்ற லெமுவல் ஸ்ட்ரௌடுக்கு, வேலை கேட்டு வந்தவளின் மொட்டையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். அவளைத் தன் கடைச் சன்னலில் உட்காரவைத்து, ‘பீஸ்லியின் தைலம் செய்த வேலை’ என்று பலகை மாட்டினான். காய்ச்சலில் போன முடி தானாகவே திரும்பிவிடும் என்று அவளுக்கு வைத்தியம் பார்த்தவர் சொல்லியிருந்தார். அப்படியே வந்தது. இலையுதிர்காலத்துக்குள் சுருள் சுருளாய்க் காதை மூடியது. ஸ்ட்ரௌட் பலகையை மாற்றினான். ‘எங்கள் தைலத்தின் மகிமை’ என்று பத்திரிகையில் அரைப்பக்கம் விளம்பரமும் கொடுத்தான். பெண்கள் கடைக்குள் நெருக்கியடித்தார்கள்.

“எத்தனை புட்டி தேய்ச்சீங்க?” என்று கேட்டுக் கேட்டுத் துளைத்தார்கள்.

ஹல்டாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “ஒரு புட்டியும் தேய்க்கல. காய்ச்சல்ல கொட்டுச்சு, தானா வந்துச்சு. வீணாக் காசைக் கரியாக்காதீங்க.”

ஸ்ட்ரௌடின் முகம் வெளிறியது.

“பாத்தியாடி அவ சாமர்த்தியத்த?” என்றாள் நிலக்கரி வியாபாரியின் மனைவி, தன் தங்கையிடம். “நமக்கு வளந்துடக் கூடாதுன்னு மறைக்கிறா. ஐயா, எனக்கு மூணு புட்டி குடுங்க.”

“எனக்கு ஆறு!”

எடுத்துக்கொடுக்கக் கை போதாமல் திண்டாடிய ஸ்ட்ரௌட், ஹல்டாவைப் பார்த்துக் கண் வேறு சிமிட்டினான். “பிரமாதம் ஹல்டா! நாளைக்கும் இதையே சொல்லு.”

அவள் சீப்பை அவன் மேஜையில் விட்டெறிந்துவிட்டு வெளியேறினாள். மறுவாரம் பஞ்சாலையில் சேர்ந்தாள். முடி எந்திரத்தில் மாட்டிக்கொள்ளும், துணி போட்டுக் கட்டு என்றான் மேஸ்திரி. அவள் கத்தரிக்கோல் கேட்டாள்.