நேற்றைய ஈரல்

சிவகணேஷ் ஈரலைத் தொடமாட்டான். சைவப் பிள்ளைமார் வீட்டுப் பையன். மேலப்பாளையம் போய் ஆட்டீரல் வாங்குவதும், பனிக்கட்டியில் வைத்து நறுக்கி அரைப்பதும் கூட ஆராய்ச்சி செய்யும் ஹெப்ரானின் வேலை. அரைத்த கூழை மட்டும் சிவகணேஷ் கையுறை போட்டு வாங்கிக்கொள்வான். பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

1998 மழைக்காலத்தில் சிவகணேஷுக்கு ஒன்று பிடிபட்டது. டி.என்.ஏ. மோசமாக உடைந்துபோன செல் தன்னைத்தானே கொன்றுகொள்ளும். டி.என்.ஏ. உடைந்துவிட்டது என்ற செய்தி மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போனதும், அது உள்ளே வைத்திருக்கிற சைட்டோகுரோம்-சி என்ற புரதத்தை வெளியே விடும். விட்டால் செல்லின் கதை முடிந்தது. செய்தியைக் கொண்டுபோவது எது? புற ஊதா ஒளியில் டி.என்.ஏ. உடைந்த செல்களின் சாற்றை, ஈரலிலிருந்து பிரித்த மைட்டோகாண்ட்ரியாவில் ஊற்றினான். புரதம் கசிந்தது. நல்ல செல்களின் சாற்றை ஊற்றினான். கசியவில்லை. அப்படியென்றால் தேடுகிற பொருள் உடைந்த செல்லின் சாற்றுக்குள்தான் இருக்கிறது.

ஹெப்ரானுக்கு வயிறு எரிந்தது. இந்த யோசனை தனக்கு முதலில் வரவில்லையே என்றுகூட இல்லை. எத்தனை வருடமானாலும் வந்திருக்காது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆய்வகத் தலைவர் ராஜராஜேஸ்வரி மேடம் சிவகணேஷிடம் சொல்லிவிட்டார்: "புதன்கிழமை என் முன்னால திரும்பச் செஞ்சு காட்டு. சரியா வந்தா பெங்களூர் ஆராய்ச்சி இடத்துக்கு நீ. வராட்டா ஹெப்ரான்."

புதன் காலை ஹெப்ரான் மேலப்பாளையத்தில் மீரா முகைதீனின் இறைச்சிக் கடையில் நின்றான்.

"நேத்து மிச்சம் ஏதும் கெடக்கா பாய்?"

"கெடக்கு. எதுக்கு தம்பி?"

"பூனைக்கு."

பழைய ஈரலில் மைட்டோகாண்ட்ரியா ஏற்கெனவே சிதைந்திருக்கும். எந்தச் சாற்றை ஊற்றினாலும் கசியும். வாடை கொஞ்சம் மாறியிருந்தது. ஆனால் சிவகணேஷுக்கு எல்லா ஈரலும் ஒரே நாற்றம்தான்.

அன்று மேடம் முன்னால் இரண்டு சாறு ஊற்றிய குழாயிலும் கசிந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு இன்னொரு தடவை. அதோட சரி."

வெளியே வந்ததும் சிவகணேஷ் சொன்னான்: "ஏலே, நாளைக்கு நானும் கடைக்கு வாரேன்."

"நீயா? ஒங்கம்மைக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டாவ."

"குளிச்சிட்டுப் போய்க்கிடுதேன்."



மறுநாள் கடையில் சிவகணேஷ் தொங்குகிற தொடைகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றான். மீரா முகைதீன் சிரித்தார்.

"வாங்க தம்பி. இன்னைக்கும் பழசுதானா? நேத்துள்ளதைப் பூனை தின்னுச்சா?"

ஹெப்ரான் பனிக்கட்டிப் பெட்டியின் மூடியைத் திறந்தான். சிவகணேஷ் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு கடைக்காரரிடம் திரும்பினான்.

"இப்ப அறுத்ததுதான் வேணும் பாய்."

வெறுங்கையை நீட்டி வாங்கினான். கீழே போடவில்லை.

"சூடா இருக்கும்னு நீ சொன்னதே இல்லியேலே" என்றான். பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அரைப்பதற்கும் ஹெப்ரானைக் கூப்பிடவில்லை.

மதியம் உடைந்த செல்லின் சாறு ஊற்றிய குழாயில் கசிந்தது. மற்றதில் கசியவில்லை. மேடம் கைகொடுத்தார். நேற்று என்ன கோளாறு என்று கேட்டார்.

"ஈரல் சரியில்ல மேடம்" என்றான் சிவகணேஷ். ஹெப்ரான் பேரை எடுக்கவில்லை.

ஹெப்ரான் அதற்கும் சேர்த்து அவன்மேல் பொறாமைப்பட்டான்.