அட்டனுக்குப் படம் பிடிக்கப் போன கதை

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டே, ஏதோ உப்புப் புளி விஷயம் போலச் சொன்னான் சோலைமலை.

"மீனம்மா, ஞாயித்துக்கெழம பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அட்டன் டவுனுக்குப் போயி ஒரு படம் புடிச்சிட்டு வருவோம்."

அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மீனம்மாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ரொட்டி கருகி, வீடெல்லாம் புகை. "ம்" என்றாள்.

ஒரு படம் பிடிப்பதற்கு இத்தனை கலக்கமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எழுபத்தெட்டாம் வருஷம் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்தவர்கள் கேட்கமாட்டார்கள். இவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ஆசைக்கென்று படம் பிடித்தவர் ஒருவரும் கிடையாது. படம் என்றால் பாஸ்போட்டுக்கு. பாஸ்போட் என்றால் இந்தியாவுக்கு. இரண்டு அரசாங்கமும் பேசிக்கொண்டபடி தோட்டத்து ஆட்களை அங்கே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வீட்டார் குளித்து முழுகி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, குடும்பத்தோடு அட்டனுக்குப் போய் வந்தார்கள் என்றால் கொஞ்ச நாளில் அந்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கும். ஆட்கள் தலைமன்னாருக்கு ரயில் கோச்சி ஏறி, அங்கிருந்து கப்பல் ஏறியிருப்பார்கள்.

சோலைமலையின் அண்ணன் பொன்னையா குடும்பம் போன வருஷம் போனது அப்படித்தான். படம் பிடிக்கத் துணைக்குப் போனவள் மீனம்மா. பொன்னையாவும் அவர் மனைவியும் பிள்ளைகளும் வெள்ளைத் துணிக்கு முன்னால், கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் மாதிரி நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். அன்றைக்கே அவளுக்கு அந்தப் படப்பெட்டியைக் கண்டால் ஆகாமல் போயிற்று. அது முகத்தைப் பிடிப்பதில்லை, ஆளையே பிடித்துக்கொண்டு போய்விடுகிறது என்று நினைத்தாள்.

சோலைமலை இலங்கைப் பிரஜையாக இருக்கத்தான் எழுதிக் கொடுத்திருந்தான். ஆனால் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு மனம் மாறியவர்களும் உண்டு. அண்ணன் போன நாளிலிருந்து அவன் முன்னைப் போல் கலகலப்பாக இல்லை என்பதை அவள் கவனித்துத்தான் வந்தாள். அவனிடமே நேராகக் கேட்டுவிடலாமே என்பீர்கள். கேட்டு, அவன் "ஆமா" என்றுவிட்டால்? கேட்காதவரைக்கும் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

பெட்டியில் கிடந்த கூறைச் சேலையை எடுத்து அன்று மாலையே வாசல் கொடியில் காற்றாடப் போட்டதுதான் பிழை. மறுநாள் கொழுந்து மலைக்குப் போவதற்குள் லயம் பூராவும் கதை பரவிவிட்டது. பக்கத்து வீட்டுத் தெரேசா, அடுத்த நிரையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

"ஏக்கா, முடிவே பண்ணிட்டீங்களா? எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லலியே!"

"எனக்கே ஒண்ணும் தெரியாதுடி."

"போறவங்க எல்லாருந்தான் அப்பிடிச் சொல்றாங்க." தெரேசா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு, "ஒங்க பசுவ மட்டும் வேற யாருக்கும் வெல பேசிறாதீங்கக்கா" என்றாள்.

அவளைக் குறை சொல்லி என்ன? சாயங்காலம் ஒருத்தி மரக்கறித் தோட்டத்தைக் கேட்டு வந்தாள். இன்னொருத்தி அம்மியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். எல்லாரும் உண்மையாகவே அழுதார்கள். அழுகிறவர்களுக்கும் மிளகாய் அரைக்க அம்மி வேண்டும்தானே. மீனம்மாவுக்குத்தான் உயிரோடிருக்கும்போதே தன் சொத்தைப் பங்கு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அட்டனில் படக்கடை மாடிப்படியில் மீனம்மா கடைசியாக ஏறினாள். பெரியவள் இரட்டைச் சடையை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள். சின்னவன் அப்பன் தோளில் இருந்தான்.

படக்கடைக்காரர் ஜோர்ஜ் வயதானவர். இவர்களைக் கண்டதுமே, ஒன்றும் கேட்காமல், வெள்ளைத் துணிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பல வருஷத்துப் பழக்கம். லயத்து ஆள் குடும்பத்தோடு வந்தால் வேறெதற்கு வருவான்?

"நேரா பாருங்க. தலையில இருந்து முந்தானைய எடுங்கம்மா, காது ரெண்டும் தெரியணும். சிரிக்காதீங்க. அசையாதீங்க."

மீனம்மா மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றாள். ஜோர்ஜ் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், வெளியே எடுத்தார்.

"அம்மா, கண்ணுல தண்ணி நிக்குது. படத்துல பளபளன்னு விழுந்துரும்."

துடைத்தாள். மறுபடியும் நிறைந்தது. சோலைமலை திரும்பிப் பார்த்தான்.

"என்னாடி, ஒடம்புக்கு முடியலியா?"

அவ்வளவுதான். மூன்று நாளாக அடைத்து வைத்திருந்தது, அந்நிய மனுசன் முன்னால் உடைந்துகொண்டு வந்தது.

"பயணம் எப்பங்க? அதையாச்சும் சொல்லுங்க. கப்பல் ஏறுற அன்னிக்குத்தான் சொல்லுவீங்களா?"

சோலைமலை வாயைப் பிளந்தான். "என்னா பயணம்?"

"படம் புடிக்கிறது பின்ன எதுக்கு?"

அவன் சின்னவனை இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தான். முகம் கறுத்துச் சிவந்தது. தப்பு செய்து அகப்பட்டவன் மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அண்ணன் மகளோட மூஞ்சி எனக்கு நெனப்புக்கு வர மாட்டேங்குது, மீனம்மா. இந்தக் கையில தூக்கி வளத்த புள்ள. ஒரு வருசந்தான் ஆவுது, மறந்துபோச்சு. புடிச்ச படம் பூராத்தையும் கொண்டுக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பத்தான் தோணுச்சு... போறவங்களுக்கு மட்டுந்தானா படம்? இங்கனயே இருக்கிற நமக்கு ஒண்ணு வேணாமா?"

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாவாம்?"

"ஆசைக்குப் படம் புடிக்கணும்னு எப்பிடிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

மீனம்மாவுக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. "கருமாந்தரம் புடிச்ச மனுசா" என்று மெல்ல வைதாள். வைததும் மனசு பஞ்சாகிப் போனது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடாததும் அப்போதுதான் வயிற்றில் தெரிந்தது.

ஜோர்ஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"படத்துக்கு எத்தன கொப்பி போடணும் தம்பி?"

"ஒண்ணு. பெருசா. எங்கயும் குடுக்கிறதுக்கு இல்ல."

"அப்ப இந்த வெள்ளத்துணி எதுக்கு?" என்று சொல்லி அவர் மேலே சுருட்டிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். குளமும் தாமரையும் படிக்கட்டும் தீட்டிய பெரிய திரை ஒன்று தடாலென்று இறங்கியது. இறங்கியதோடு எத்தனையோ வருஷத்துத் தூசியும் இறங்கியது. எல்லாருக்கும் தும்மல். "தோட்டத்து ஆளுங்களுக்கு இத எறக்குறது எனக்கே மறந்துபோச்சு" என்று தும்மிக்கொண்டே சொன்னார்.

மீனம்மாவை நாற்காலியில் உட்கார்த்தினார். அவள் யாரும் சொல்லாமலேயே முந்தானையைச் சரி செய்துகொண்டாள், மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். ஜோர்ஜ் கறுப்புத் துணிக்குள் போய், வாய்ப் பழக்கத்தில், "சிரிக்காதீங்க" என்றார். அதைக் கேட்டதும் அவளுக்கு அடக்க முடியவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை சோலைமலை போய்ப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி வந்தான். அதில் மீனம்மா பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள். சோலைமலை தும்மலுக்கும் கண் சிமிட்டலுக்கும் நடுவில் நிற்கிறான். பிள்ளைகள் இருவரும் அம்மாவைப் பார்க்கிறார்கள். படத்துக்கு இருக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றும் அதில் இல்லை. மீனம்மாவுக்கு அது கொள்ளை அழகாகத் தெரிந்தது.

இதற்குள் அவள் நாலு பேரிடம் "நாங்க போகல" என்று சொல்லிப் பார்த்தாள்தான். யார் நம்பினார்கள்? போகிறவர்கள் கடைசி நாள் வரைக்கும் சொல்வதும் அதையேதான்.

அன்று சாயங்காலம் படத்தை மாட்ட சோலைமலை சுத்தியலை எடுத்தான். லயத்துச் சுவர் கருங்கல். ஆணி வளைந்தது. இன்னொன்றை வைத்து அடித்தான். அந்தச் சத்தம் லயத்துக்கு நன்றாகப் பழகிய சத்தம். பயணம் போகிறவர்கள் சாமான்களைப் பலகைப் பெட்டியில் அடுக்கி, மூடிக்கு ஆணி அடிக்கிற சத்தம் அப்படித்தான் கேட்கும். தெரேசா மாவுக் கையோடு ஓடி வந்தாள். அழுவதற்கு வாயை எடுத்தவள், வாசலிலேயே நின்றாள்.

"பெட்டிக்கு ஆணி அடிக்கிறீங்கன்னு நெனச்சேன்க்கா..."

"இல்லடி, செவுத்துக்கு" என்றாள் மீனம்மா. "இந்தப் படத்த அசையாமப் புடி, அவரு ஆணி வைக்கிற எடம் பாக்கணும்."

தெரேசா மாவுக் கையாலேயே சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆணி இறங்கியது.