அடுத்த வீட்டு விலை

சூடாமணி அடுப்படியில் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது சாம்பசிவன் அளவு நாடாவோடு உள்ளே வந்து, காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளச் சொன்னான். அவள் மடக்கிக்கொண்டாள். அவன் சுவரோரமாக நாடாவை ஓடவிட்டு, பத்தடி நாலங்குலம் என்று வாய்க்குள் சொல்லி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டான். நேற்றும் பத்தடி நாலங்குலமாகத்தான் இருந்தது. திருவனந்தபுரம் வலியசாலையில் இந்த வீட்டுக்குக் குடிவந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அடுப்படி ஓர் அங்குலம்கூட வளரவில்லை.

சாம்பசிவன் மராமத்து இலாகாவில் எஸ்டிமேட் கிளார்க். பதினாலு வருஷமாக அடுத்தவர்கள் போட்ட கணக்கை வெட்டிக் குறைப்பதுதான் அவன் உத்தியோகம். பாலமோ பள்ளிக்கூடமோ, எந்தக் கான்ட்ராக்டர் பில் கொண்டுவந்தாலும் அவன் மேஜையைத் தாண்டும்போது மெலிந்துதான் போகும். சுவரை ஒரு தரம் பார்த்தால் போதும், எத்தனை வெட்டுகல், எத்தனை பறை சுண்ணாம்பு என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் இந்த வீட்டுக்கு ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய் கொடுத்திருந்தான். குடிவந்த மூன்றாம் நாள் பால்காரி ஒரு சேதி சொன்னாள். அதே வரிசையில் ஐந்து வீடு தள்ளி, அதே நீளம், அதே அகலம், அதே ஆசாரி செய்த கதவுகள் உள்ள வீடு போன மேடமாசம், சித்திரையில், ஆயிரத்து இருநூற்றைம்பதுக்குக் கைமாறியிருக்கிறது. அன்றைக்கு நாடாவை எடுத்தவன்தான்.

ஏமாந்த கதையை நினைத்தால் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. வீடு பார்க்கப் போன அன்று வாசலில் நின்றபடியே மூன்று குற்றம் கண்டுபிடித்திருந்தான். கூரை உத்திரம் ஒரு பக்கம் சாய்வு, கொல்லைக் கதவில் கறையான், சாக்கடைக்கு வாட்டம் போதாது. ஆயிரத்து நூறிலிருந்து பேச்சைத் தொடங்குவதென்று தீர்மானித்தும் ஆயிற்று. அதற்குள் சூடாமணி உள்ளே போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வருஷம் கரமனையில் இன்னொருவர் வீட்டுப் பின்கட்டில் இரண்டு அறையில் இருந்தவள். ஒரு கோலம் போடுவதென்றாலும் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துப் போட்டவள். அவள் காலி அறையில் நின்று, அவனை எப்போதும் கூப்பிடுகிற மாதிரி, "ஏன்னா" என்றாள். வீடு முழுவதும் "ஏன்னா" என்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் வீடு முழுவதும் கேட்டது. வீட்டுச் சொந்தக்காரர் காதிலும் விழுந்தது. நாளைக்கு ஆலப்புழையிலிருந்து ஒரு பார்ட்டி அட்வான்ஸோடு வருகிறது என்று அவர் மெதுவாகச் சொன்னார். அவர் கேட்ட விலைக்குச் சாம்பசிவனின் வாய் தானாகச் சரி என்றது.

அதிலிருந்து வீட்டில் எதைத் தொட்டாலும் அதன் மேல் விலை எழுதி ஒட்டியிருந்தது. ஜன்னல் ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய். கிணற்றுக் கல் ஒன்றுக்கு ஒன்றரை. முறையாக எஸ்டிமேட் போட்டும் பார்த்தான். சுவர், ஓடு, மரம், கிணறு, மனையடி எல்லாம் சேர்த்து ஆயிரத்து முன்னூற்றுப் பத்துக்கு மேல் ஏறவில்லை. சூடாமணிக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது.

"நான் உக்காந்திருக்கற எடம் எத்தனை ரூவா ஆச்சு?" என்று கேட்டாள்.

அவன் நிஜமாகவே மனதுக்குள் பெருக்கிப் பார்த்தான். "பன்னண்டு ரூவா."

"அத்தனையா? அப்போ சித்த நேரம் இருந்துட்டே எழுந்துக்கறேன்" என்று அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.

அந்த வாரம்தான் பொய் வந்தது. ஆபீசுக்கு அடுத்த காப்பி ஹோட்டலில், கையில் தம்ளரோடு ஆறு பேர் நின்றிருக்கையில் ஓவர்சியர் ஞானையன் வீடு என்ன விலைக்கு முடிந்தது என்று கேட்டார். ஆறு பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். கான்ட்ராக்டர்களின் வயிற்றில் அடித்த ஆள், தன் சொந்த வீட்டை எப்படி முடித்திருப்பான் என்று தெரிந்துகொள்ளும் ஆவல். "ஆயிரத்து இருநூறு" என்றான் சாம்பசிவன். ஞானையன் முதுகில் தட்டினார். கணக்குப் பிரிவுக்கு நாகர்கோவிலிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த கல்யாணராமன் காப்பி ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வாரத்தில் அந்தக் கதையை எட்டுத் தடவை சொல்லியாயிற்று. எட்டாம் தடவைக் கதையில், சாய்ந்த உத்திரத்தைப் பார்த்து வீட்டுக்காரர் தழதழத்துப்போய், ஐயா கொடுப்பதைக் கொடுங்கள் என்று கைகூப்பினார்.

வேடிக்கை என்னவென்றால், பொய் அவனுக்கு நல்ல மருந்தாக வேலை செய்தது. ஆயிரத்து இருநூறு ரூபாய் வீட்டுக்கு மாலையில் திரும்பி வருவது எத்தனை சுகமாக இருக்கிறது! ஓடு ஒழுகினால் ஒரு பாத்திரத்தை எடுத்து வைத்தான். நாடா பெட்டிக்குள் போயிற்று. இரண்டாம் தரம் ரசம் கேட்டுச் சாப்பிட்டான். என்ன மாயமோ, மனுஷர் தேறிவிட்டார் என்று சூடாமணியும் சந்தோஷப்பட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நீலாம்பாள் மாமியின் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே. சம்ஸ்கிருத பண்டிதராக இருந்த அவள் புருஷன் போய் ஆறு வருஷம். ஒரே பெண் சீதாலக்ஷ்மி இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு. மதராஸில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வயசு வந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடாமல் ரயில் தேடுகிறாளே என்று தெருவில் பேசினார்கள். நீலாம்பாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டை விற்று, இருவருமாகப் போய், அங்கே ஓர் அறை பிடித்து ஐந்து வருஷம் ஓட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஆயிரத்து எழுநூறு கிடைத்தால் ஓடிவிடும்.

மிதுன மாசத்து மழை ஆரம்பித்த ஒரு சாயங்காலம், காப்பியைக் கொடுத்துவிட்டு சூடாமணி எதிரில் உட்கார்ந்தாள். மாமி வந்திருந்தாளாம். விலைக்குக் கேட்கிறவர் ஆயிரத்து இருநூறுக்கு மேல் ஒரு சக்கரக் காசுகூட ஏறமாட்டேன் என்கிறாராம். அதே சுவர், அதே கூரை, பக்கத்து வீடு போன விலை தனக்குத் தெரியும் என்கிறாராம். மதராஸை விட்டுவிடலாம், இங்கேயே எந்தப் பள்ளிக்கூடத்திலாவது வாத்தியார் வேலைக்கு எழுதிப் போடுகிறேன் என்று சீதா சொல்லிவிட்டாளாம். மாமிக்குக் கோபமே இல்லை. உன் ஆத்துக்காரர் சாமர்த்தியசாலி என்று மெச்சிவிட்டுத்தான் போனாள்.

"கேக்கறவர் யாராம்?" என்றான்.

"உங்க ஆபீஸ்தானாம். கல்யாணராமன்னு பறஞ்சா." சற்றுப் பொறுத்து, "நம்ம ஆத்து வெலை ஆயிரத்து இருநூறா?" என்று கேட்டாள்.

அவன் தம்ளருக்குள் பார்த்தான். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்று நாள் ஏதேதோ வழி யோசித்தான். பெயரில்லாமல் ஒரு கடுதாசி போடலாமா? மாமி வீட்டுச் சுவர் தன்னுடையதைவிடத் தடிமன் என்று சொல்லிவிடலாமா? நடுச்சுவர் ஒன்றே என்பது நினைவுக்கு வந்தது. தன் கையிலிருந்து மாமிக்கு ஏதாவது கொடுக்கலாம் என்றால் கையில் இருந்ததெல்லாம் வீடாகிவிட்டிருந்தது. ஆபீசில் கல்யாணராமன் எதிரே வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு பைலைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த வீட்டில் கல்யாணராமனின் குரல் கேட்டது. அட்வான்ஸ் கொடுக்க வந்திருந்தான். சாம்பசிவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, வீட்டின் ஆதாரப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, மேல் துண்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டான். சூடாமணி அடுப்பைத் தணித்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

கல்யாணராமன் மரியாதையாக எழுந்து நின்றான். குருவே நேரில் வந்துவிட்ட மாதிரி அவன் முகம் மலர்ந்தது. சாம்பசிவன் பத்திரத்தை அவன் கையில் கொடுத்து, வாசித்துப் பார்க்கச் சொன்னான். அவன் ஒரு தரம் வாசித்து, சந்தேகப்பட்டு விரலை வைத்து இன்னொரு தரம் வாசித்தான்.

"இதுல ஆயிரத்து எண்ணூத்தம்பதுன்னா இருக்கு, ஸார்?"

"அதுதான் கொடுத்தது. ஆபீஸ்ல சொன்னது பொய். கூடக் கொடுத்துட்டேன்னு சொல்ல நாணமா இருந்தது."

ஓட்டிலிருந்து முற்றத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீலாம்பாள் அவனைப் பார்க்காமல் முற்றத்தையே பார்த்தாள். கல்யாணராமன் பத்திரத்தை மடித்தான். மடிக்க மடிக்க அவன் முகம் மாறியது. எஸ்டிமேட் ஸாரே இத்தனை கொடுத்திருக்கிறார் என்றால் நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இதில் இருக்கிறது, அப்படித்தானே, என்று கேட்டான்.

இப்படி ஒரு வழி திறக்கும் என்று சாம்பசிவன் எதிர்பார்க்கவில்லை. தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும், சீதா டாக்டர். மாமியின் கைகள் மடியில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஆனால் இப்போதுதான் ஒரு பொய்யைக் கஷ்டப்பட்டுக் கீழே இறக்கி வைத்திருந்தான். தோள் இன்னும் வலித்தது.

"சுவரும் ஓடும் மரமும் எல்லாம் கூட்டினா ஆயிரத்து முன்னூத்திப் பத்து. மூணு தரம் போட்டுப் பாத்தாச்சு" என்றான்.

"பாக்கி அஞ்ஞூத்தி நாப்பது?"

ஏமாந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் இந்த ஒரு மாசமாகச் சூடாமணி யார் முகத்தையும் பார்க்காமல் வாசலை அடைத்துக் கோலம் போடுவது கண்ணில் வந்தது. தண்ணீர் இறைக்கும்போது முன்பெல்லாம் அவள் பாடிக் கேட்டதில்லை.

"அதுக்கு நான் இன்னும் எஸ்டிமேட் போடலை" என்றான். "ஆனா நாளைக்கு யாராவது ரெண்டாயிரம் கொடுத்தாலும் நான் ஒழிஞ்சு தரமாட்டேன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. நிலைப்படியருகே சூடாமணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

கல்யாணராமன், ஆத்துக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் பேசுவதுதான் நல்லது என்றான். கூட்டிக்கொண்டு வாருங்கோ, ஆனால் ஆயிரத்து எழுநூறு என்று அவளிடம் சொல்லியே கூட்டிக்கொண்டு வாருங்கோ என்று நீலாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் ஆயிரத்து ஐந்நூறு என்றான். மாமி சிரித்தாள். நாளைக்கு ஆபீசில் ஞானையன் என்னவெல்லாம் பேர் வைப்பார் என்று எண்ணியபடி சாம்பசிவன் வெளியே வந்தான். நினைத்த அளவு பயமாக இல்லை.

தெரு மணல் மழையில் நனைந்து கெட்டிப்பட்டிருந்தது. பேரம் காதில் விழாத தூரத்தில் சீதாலக்ஷ்மி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

"மாமா, மதராஸுக்கு மூணாங்கிளாஸ் ரெண்டு டிக்கட் எத்தனை ஆகும்?"

சாம்பசிவன் பென்சிலுக்காகக் காதைத் தடவினான். இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கேயே குந்தினான். டிக்கட் மட்டும் போதாது, கூலி உண்டு, வழியில் சாப்பாடு உண்டு, எங்கெங்கே வண்டி எத்தனை நேரம் நிற்கும் என்று பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஈர மணலில் விரலால் கோடு இழுத்தான். திருவனந்தபுரத்துக்கு ஒரு புள்ளி, கொல்லத்துக்கு ஒரு புள்ளி. புனலூரில் ஆறு. தென்மலை தாண்டியதும் மணலைக் குவித்து மலை பண்ணி, அதன் நடுவே சுட்டுவிரலை நுழைத்துக் குகை குடைந்தான். மலை சரியாமலிருக்க சீதா இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனி செங்கோட்டைப் பக்கம் வெளியே வந்தது.