மழை பேஞ்சும் சைபர்

ராத்திரி பூரா தகரத்து மேல மழை கொட்டிருக்கு. காலையில வந்து பாத்தா, கவிப்பிரியா போர்டுல மழையளவு சைபர்னு எழுதி வச்சிருக்கா. ஜீவானந்தம் சாருக்கு எப்படி இருக்கும்?

மனுசனுக்குச் சொந்த ஊரு ராமநாதபுரம் பக்கம். மழைன்னா வானத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டே கெடக்குற பூமி. வேலை கெடச்சதென்னவோ ஏற்காட்டு மலையில, நாகலூர் தாண்டி காப்பி எஸ்டேட்டுக்கு நடுவுல இருக்குற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துல. ஏற்காட்டுல ஒண்டிக்கடைங்கிற எடத்துல ரூம் எடுத்துத் தங்கி பஸ்ல வந்து போறாரு. மலையில அவருக்குப் பேச்சுத் துணைன்னு பாத்தா இந்தப் புள்ளைங்கதான். அதுங்களுக்குப் புதுசா எதையாவது காட்டணுமேன்னு ரூம்ல உக்காந்து போனைத் துழாவிக்கிட்டே இருப்பாரு.

அப்படித் துழாவுனப்பதான் அந்த வெப்சைட் கெடச்சுது. வாத்தியாருங்களுக்குன்னே அறிவியல், வரலாறு எல்லாத்தையும் படத்தோட, செய்முறையோட போட்டு வச்சிருக்காங்க. காசும் கேக்கல. அதுல மழையை அளக்குறதுக்கு ஒரு பாடம். காலி தண்ணி பாட்டிலைத் தலையில வெட்டி, வெட்டுன தலையையே புனல் மாதிரி கவுத்து வைக்கணும். பக்கத்துல ஒரு ஸ்கேலை ஒட்டி வெட்டவெளியில வச்சிடணும். தினமும் காலையில எத்தனை மில்லிமீட்டர்னு பாத்து சைட்ல ஏத்துனா, மேப்புல அந்த ஊருக்கு ஒரு புள்ளி வரும். மழை பேஞ்சா நீலம், பேயலைன்னா வெள்ளை.

"நம்மூருகூட மேப்புல வருமுங்களா சார்?"

"நீங்க அளந்தா வரும்."

அன்னிக்கு கிளாஸ்ல கத்துன கத்துல பக்கத்து எஸ்டேட்டுல கணக்கெழுதுற ரைட்டர் எட்டிப் பாத்துட்டுப் போனாரு.

அளக்குற வேலை ஏழாவது படிக்கிற கவிப்பிரியாவுக்கு. ஊடு பக்கத்துலயே. பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்து பாத்து எழுதிடுவா. எழுதுனா, ஆனா எழுதுனதெல்லாம் சைபர். ஐப்பசி மழை மலையையே கரைக்குது, மேப்புல சுத்தியிருக்குற புள்ளியெல்லாம் நீலமா நிக்குது, இவங்க புள்ளி மட்டும் வெள்ளைவெளேர்னு கெடக்கு. சைட்காரங்ககிட்ட இருந்து மெசேஜும் வந்துருச்சு. உங்க அளவு நம்புற மாதிரி இல்ல, இப்படியே போனா மேப்புல இருந்து எடுத்துருவோம்னு.

அந்தக் கடுப்போடதான் அன்னிக்கு கிளாஸுக்குள்ள நொழஞ்சாரு.

"கிட்ட போயிப் பாத்தியா, இல்ல வாசல்ல நின்னுக்கிட்டே எழுதிட்டியா?"

"பாத்தனுங்க சார். உள்ள ஈரமா இருந்துச்சுங்க. தண்ணி இல்லீங்க."

"பாட்டில் ஓட்டையா இருக்குமுங்க சார்"னான் சதீஷ்.

"ஓட்டை பாட்டில்ல இல்லடா. பேஞ்ச மழையெல்லாம் எங்க போச்சு? இவ குடிச்சிட்டாளா? சோம்பேறித்தனத்துக்கு ஒரு பொய்."

கிளாஸே கொல்லுன்னு சிரிச்சுது. கவிப்பிரியா கையில இருந்த சாக்பீஸை மேசை மேல வச்சுட்டுப் போயி உக்காந்தா. மத்தியானம் சத்துணவுக்குக்கூட எந்திரிக்கல. மறுநாள் அவ வரல. அதுக்கு மறுநாளும் வரல.

சரி, நாமளே பாத்துருவோம்னு சார் ஒரு நாள் முதல் பஸ்ஸைப் புடிச்சாரு. அவருக்கு முன்னாடி சீட்டுல, கொசு ஒழிப்பு வேலை பாக்குற செல்வி. ஊடு ஊடா போயி தேங்கின தண்ணியப் பாக்குற பொண்ணு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் எறங்குனாங்க. சார் குடையை விரிக்கிறதுக்குள்ள செல்வி விறுவிறுன்னு பள்ளிக்கூடத்துக்குள்ள போனா. நேரா பாட்டில்கிட்ட போயி தலைகீழாக் கவுத்து ரெண்டு ஒதறு ஒதறிட்டு, இருந்த எடத்துலயே பதனமா வச்சா.

"ஏம்மா! என்னம்மா பண்ற?"

"வாங்க சார், உங்ககிட்டதான் சொல்லோணும்னு இருந்தேன். எந்த வேலையத்ததோ தெனமும் இதுல தண்ணி புடிச்சு வெக்குது சார். நானும் டெய்லி பஸ்ஸை உட்டு எறங்குனதும் மொத வேலையா கொட்டிப்போட்டுத்தான் போறேன்."

"டெய்லியா?"

"பின்ன? போன வருசம் இங்க டேங்க்ல கொசுப்புழு இருந்துச்சுன்னு ஆபீசர் என்னை நொம்பக் கேவலமாப் பேசிப்போட்டாருங்க. அதுல இருந்து மத்த ஊட்டை வாரத்துக்கு ஒருக்கா பாத்தாலும், ஸ்கூலை உடமாட்டேன்."

சாருக்குச் சிரிப்பு வரல. செல்விகிட்ட பாட்டில் எதுக்குன்னு வெவரம் சொன்னாரு. அவ தலையில கைய வச்சுக்கிட்டா. "அடக் கடவுளே. ஸ்கேலு எதுக்குடா ஒட்டியிருக்குன்னு நானும் யோசிச்சேன் சார்."

சாயந்தரம் பள்ளிக்கூடம் உட்டதும் கவிப்பிரியா ஊட்டுக்குப் போனாரு. அவ அம்மா கண்ணாயி தொட்டியில மாட்டுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தா.

"ஏனுங்க வாத்தியாரே, என்ற புள்ள ஸ்கூலுக்கே போவமாட்டேங்குது. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. அடிச்சீங்களா?"

"அடிக்கலைங்க. அதைவிட மோசமா ஒண்ணு பண்ணிட்டேன்."

நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னாரு. கவிப்பிரியா கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. சார் அவ பக்கம் திரும்புனாரு. "ஏத்தா, நீ சொன்னதுதான் நெசம். தப்பு என் மேலதான். நாளைக்கு வந்துடு."

அவ தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா: "இங்க சொன்னா ஆச்சுங்களா சார்? பொய்யின்னு எல்லாரு முன்னாடியுந்தானே சொன்னீங்க."

"அடியே, சார்கிட்ட என்ன பேச்சு இது?" கண்ணாயி கையை ஓங்குனா.

"விடுங்கம்மா. சரியாத்தான் கேக்குறா."

ஒண்டிக்கடை ரூம்ல அன்னிக்கு அவருக்குச் சோறு எறங்கல. வாத்தியாரு ஒருத்தரு தன் மேலதான் தப்புன்னு புள்ளைங்க முன்னாடி நின்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு, சொல்றவனுக்குத்தான் தெரியும்.

காலையில கிளாஸ்ல எல்லாரும் உக்காந்தப்புறம்தான் கவிப்பிரியா வந்தா. உள்ள வராம வாசப்படியிலயே நின்னா. சார் எந்திரிச்சாரு.

"எல்லாரும் கேளுங்க. தண்ணிய டெய்லி கொட்டுனது செல்வியக்கா. அவங்க மேலயும் தப்பில்ல, அவங்க வேலைய அவங்க பாத்தாங்க. கவிப்பிரியா இருந்ததை இருந்தபடி எழுதுனா. விசாரிக்காம அவளைப் பொய் சொல்றான்னு சொன்னது நான். நீங்க சிரிச்சதும் நான் சொன்னதாலதான். மன்னிச்சுக்க கவிப்பிரியா."

சதீஷு கையைத் தூக்குனான். "அப்ப அந்த சைபரையெல்லாம் அழிச்சுட்டு, குத்துமதிப்பா முப்பது நாப்பதுன்னு போட்டுக்கலாமுங்களா சார்? மேப்புல இருந்து தூக்கிருவாங்க."

சார் பதில் சொல்றதுக்குள்ள கவிப்பிரியா முந்திக்கிட்டா. "அளக்காததை எப்படிடா எழுதுறது? அளக்கலைன்னு எழுதோணும்." சொல்லிக்கிட்டே உள்ள வந்து அவ எடத்துல உக்காந்தா.

சைட்காரங்களுக்கு அப்படியே எழுதி அனுப்புனாங்க, நடந்த கதையையும் சேத்து.

மறுநாள் செல்வி பாட்டிலைத் தொடாம பக்கத்துலயே குடையைப் புடிச்சுக்கிட்டு நின்னா. "வெரசா வா கண்ணு! நீ பாத்துச் சொன்னாத்தான் நான் கொட்டோணும். எனக்கு இன்னும் எத்தனை ஊடு கெடக்கு!"

கவிப்பிரியா ஓடியாந்து குனிஞ்சு, கண்ணை ஸ்கேலுக்கு நேரா வச்சுப் பாத்தா. சார் வராண்டாவுல போனோட நின்னாரு. ஒரு எட்டு போயி அவரும் பாத்துட்டு வந்துடலாம்னு காலு கெளம்புச்சு. போகல.

"சொல்லுத்தா."

"முப்பத்தி நாலுங்க சார்."

சார் முப்பத்தி நாலுன்னு ஏத்துனாரு. அங்க செல்வி பாட்டிலைக் கவுத்துட்டா.