ஒரு சுற்றுக் குறைந்த முடிச்சு

கல்வித் திணைக்களத்துச் சுற்றுநிருபத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு அதிபர் சிவகுருநாதன் பத்மாசனியைப் பார்த்துச் சிரித்தார். எழுபத்து மூன்றாம் ஆண்டு இரண்டாம் தவணை தொடங்கிய திங்கட்கிழமை அது. அந்தந்த ஊர்த் தொழிலைப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்க வேண்டுமென்று கொழும்பில் முடிவாகியிருந்தது. திருகோணமலைத் துறைமுகக் கரையில் நிற்கிற இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாய்த்தது மீன்பிடி.

"நீங்கள்தான் இதுக்குப் பொருத்தம், டீச்சர். பிறப்பிலேயே தெரிஞ்ச தொழில்தானே."

பன்னிரண்டு வருஷமாக அவள் கணிதம் படிப்பிக்கிறாள். இலவசக் கல்வியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, சல்லி மீனவக் கரையிலிருந்து ஆசிரியர் கலாசாலைவரை போன முதல் பெண். அதிபருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவளுடைய தகப்பன் வலை இழுக்கிறவர் என்பது மட்டும் பட்டது. பாதிரிமாரின் மிசன் பள்ளிக்கூடத்தை நடத்திய காலத்தில் கரையோரத்துப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில், பின்வாங்கில் இருத்தினார்கள். அரசாங்கம் பொறுப்பெடுத்தபோது பெயர்ப்பலகை மாறியது. வாங்குகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. இப்போது சீர்திருத்தம் வந்து பின்வாங்குக்கென்று ஒரு பாடப்புத்தகத்தையும் கொடுத்திருக்கிறது என்று அவள் நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"அப்ப ஒன்பதாம் வகுப்புக் கணிதம்?"

"அதை வேற ஆராவது பாப்பினம்."

ஒருவரும் பார்க்கவில்லை. அந்தப் பாடவேளைகளில் வகுப்பு சும்மா இருந்தது. அடுத்த அறையில் அவள் கரும்பலகையில் மீனை வரைந்து அதன் செட்டைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். விடியப்புறம் அந்த மீனையே வலையிலிருந்து கழற்றிவிட்டு வந்த பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி பார்த்து எழுதினார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கல்வி அதிகாரி சோமசேகரம் பார்வையிட வந்தார். அதிபர் சொன்னபடி பத்மாசனி தகப்பன் இராசதுரையைக் கூட்டி வந்திருந்தாள். கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டு, வலை ஊசியைக் கையில் பிடித்தபடி அவர் நின்றார். அதிகாரிக்குக் கதிரை, அதிபருக்குக் கதிரை. தகப்பனுக்கு ஒன்றை இழுத்துப் போடத் தன் கையும் நீளவில்லை என்பதைப் பத்மாசனி பிந்தித்தான் கண்டாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

இராசதுரை பிள்ளைகளுக்கு முன்னால் நைலோன் நூலில் வலைக் கண் முடிந்து காட்டினார். அதிகாரி புத்தகத்தைப் புரட்டிப் படத்தைத் தேடிப் பிடித்தார்.

"இதில ஒரு சுத்துத்தான் போட்டிருக்கு. நீர் ரெண்டு போடுறீர்."

"அது பருத்தி நூலுக்கு, ஐயா. நைலோன் வழுக்கும். ரெண்டாவது சுத்தும் போட்டால்தான் பிடிக்கும்."

"நிபுணர்கள் எழுதின புத்தகம். பிள்ளைகளைக் குழப்பாமல் படத்தில இருக்கிறமாதிரிச் செய்து காட்டும்."

இராசதுரை அவரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு படத்தில் இருந்தபடியே ஒற்றைச் சுற்றில் பத்துக் கண் முடிந்து நீட்டினார்.

"இழுத்துப் பாருங்கோ ஐயா."

அதிகாரி இழுக்கவில்லை. மடித்துத் தன் கடதாசிக் கோவைக்குள் வைத்தார். "கொழும்புக் கண்காட்சிக்கு அனுப்பலாம்."

"உங்கட மகன் படிக்கிற பள்ளிக்கூடத்தில என்ன தொழில் படிப்பிக்கினம், சேர்?" பத்மாசனி கேட்டாள்.

"மின்சார வேலை எண்டு நினைக்கிறன்." அவர் எழும்பினார். "அவனுக்கு வீட்டில வாத்தியார் வைச்சுக் கணிதம் சொல்லிக் குடுக்கிறம்."

அதிபர் அவரை ஜீப்வரை கொண்டுபோய் விடப் போனார். இராசதுரை மகள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இவர் எத்தினையாம் வகுப்பு வரைக்கும் படிச்சவர்?"

"பட்டதாரி, அப்பா."

அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே இறங்கினார்.

பத்மாசனி பக்கத்து அறையில் சும்மா இருந்த ஒன்பதாம் வகுப்பையும் கூப்பிட்டு அதே அறையில் நெருக்கி இருத்தினாள். பலகையிலிருந்த மீனை அழித்துவிட்டு ஒரு சமன்பாட்டை எழுதினாள். கொட்டாவி விட்ட முகங்கள் சந்தேகத்தோடு நிமிர்ந்தன. இரண்டாவது வரி எழுதும்போது விறாந்தையில் அதிபரின் சப்பாத்துச் சத்தம் திரும்பி வருவது கேட்டது. மூன்றாவது வரியைத் தொடங்கினாள். வாசல் படலைவரை போயிருந்த இராசதுரை திரும்பி வந்து, யன்னல் கம்பியைப் பிடித்தபடி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.