கோழித் தவிடு

கருப்பம்மா புருஷனின் காலை விரலால் அழுத்தினாள். விழுந்த குழி மேலெழவே இல்லை.

"வலிக்குதா?"

"தொட்டதே தெரியல," என்றான் வீரய்யா. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பியவன் வாசலைத் தாண்டுமுன் விழுந்திருந்தான்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இந்த மேல் லயத்துக்கு வந்ததே அவள் பண்ணின காரியம். பதுளையிலிருந்து வந்த டாக்டர் துரை, மேல் லயத்துக்கு மட்டும் வெள்ளை வெளேரென்று தீட்டின பச்சரிசி போடச் சொன்னான். கீழ் லயத்துக்கு வழக்கமான புழுங்கல். பச்சரிசி என்றால் பொங்கலுக்கும் படையலுக்கும் மட்டும் கண்ணில் படுகிற சாமான். தினமும் கிடைக்கிறதென்றால் விடுவாளா? கங்காணி காலில் விழுந்து, அவன் வீட்டுக்கு விறகு சுமந்து, மேல் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்று வாங்கினாள். கீழ் லயத்துப் பெண்களிடம் சோற்றைக் காட்டிப் பீற்றிக்கொண்டாள். இன்று மேல் லயத்தில் வீட்டுக்கு ஒருவர் கால் வீங்கிக் கிடக்கிறார். கீழ் லயத்தில் எல்லோரும் மலையேறி வேலைக்குப் போகிறார்கள்.

மருந்து கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மருந்துக்கார லிங்கம் பின்கட்டில் டாக்டரின் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கூட்டில் கோழிகள் கால் மடங்கிக் கிடந்தன. மற்றதில் துள்ளித் திரிந்தன.

"துள்ளுதே, அதுகளும் வெள்ளரிசி தின்னு விழுந்ததுதான். தவிடு போட்டதும் எந்திரிச்சிருச்சு," என்றான் பெருமையாக.

"அப்ப எங்களுக்கும் புழுங்கலப் போடச் சொல்லுங்கய்யா."

"கோழிக்குச் சரி. மனுசனுக்கும் அரிசிதான் காரணமான்னு டாக்டர் பாக்க வேணாமா? கொஞ்சம் பொறு."

"நீ எந்த அரிசி திங்கிற?"

அவன் அடுப்படியிலிருந்து புழுங்கல் வேகும் வாடை வந்தது. பாவிகள், தெரிந்தேதான் செய்கிறார்கள். கருப்பம்மா கூட்டைத் திறந்து தவிட்டை முந்தானையில் வாரினாள். கோழிகள் அவள் கையைக் கொத்தின.

"ஏய்! டாக்டர் தொரைக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும்!"

"போகட்டும்."

காம்பராவுக்கு ஓடிவந்து தவிட்டைச் சலித்துக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சினாள். சிரட்டையில் ஊற்றி நீட்டியதும் வீரய்யா மூஞ்சியைச் சுளித்தான்.

"கோழித் தீனியா? பச்சரிசிச் சோறு இருக்குல்லடி?"

"அதத் தின்னுதான் இப்பிடிக் கெடக்குற. கோழி நடக்குதுய்யா. குடி."

அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். வெளியே லிங்கம் கத்தினான். கங்காணியின் கைத்தடி கதவில் இடித்தது. கருப்பம்மா முதுகால் கதவை அழுத்திக்கொண்டு, கதவடியில் கிடந்த புருஷனின் பிடரியைப் பிடித்துச் சிரட்டையைச் சாய்த்தாள். தாடையெல்லாம் கஞ்சி வழிந்தது. அவன் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது.