தாத்தாவின் ஒரே பந்து

எங்கே நாலு பேர் கூடினாலும் மகாதேவன் தன் தாத்தாவைப் பேச்சில் இழுத்துவிடுவார். "எங்க தாத்தா அந்தக் காலத்து டெஸ்ட் பிளேயர், தெரியுமா?" அமெரிக்காவின் ஆலன் நகரத்துத் தமிழ்ப் பையன்கள் அதை நம்பிவிட்டார்கள். சனிக்கிழமை பார்க்கில் டென்னிஸ் பந்து ஆட்டம். ஓப்பனிங் மகாதேவன்தான் என்று மட்டையைக் கையில் திணித்தார்கள்.

தாத்தா ஆடியது ஒரே டெஸ்ட் என்பதை மட்டும் அவர் வெளியே விட்டதில்லை. அதிலும் முதல் பந்திலேயே போல்டு. இரண்டாவது இன்னிங்ஸை மழை தின்றுவிட்டது. அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. பேரனோ இந்த ஐம்பத்தெட்டு வயதுவரை மட்டையையே தொட்டதில்லை.

பையன்களில் ஒருவனான சபரி ஓடிவந்து வீசினான். ஸ்டம்புக்குப் பதிலாக வைத்திருந்த குப்பைத்தொட்டி டமாரென்று அதிர்ந்தது. பரம்பரை வழக்கம் தப்பவில்லை என்று மகாதேவன் நடையைக் கட்டினார்.

"அங்கிள், எங்க போறீங்க? ஃபர்ஸ்ட் பால் ட்ரையல் பால்! அது அவுட் இல்ல!"

இப்படியொரு சட்டமா! திரும்பி வந்து, அடுத்த பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினார். எங்கோ பட்டு உருண்டது. மூச்சிரைக்க எதிர்முனைக்கு ஓடினார். ஒரு ரன்.

அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

"ஷ்யாமளா! எங்க குடும்பத்துலயே இப்ப நான்தான் டாப் ஸ்கோரர்!"